எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் படித்தார்கள்? ஆய்வுக் கட்டுரைகளின் எண்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

அக்கா மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். கோட்பாட்டுக் கணினியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். "மாமா, இந்த வருசப் படிவத்துல புதுசா ஒரு கட்டம் போட்டிருக்காங்க. நம்ம கட்டுரைக்கு இணையத்துல எவ்வளவு கவனம் கிடைச்சுதுன்னு எழுதணுமாம். எனக்கு வந்திருக்கறது 2. அப்படியே எழுதுனா, ரெண்டே பேருதான் படிச்சாங்கன்னு நினைச்சுக்குவாங்களா?"

"நினைச்சுக்குவாங்க அம்மிணி. அதுதான் பிரச்சனையே" என்றேன்.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் மட்டும் இப்படி நினைப்பதில்லை. எண் பெரிதாக இருந்தால் பலர் படித்த நல்ல கட்டுரை, சிறிதாக இருந்தால் யாரும் தொடாத கட்டுரை என்றுதான் பேராசிரியர்களும் மாணவர்களும் செய்தி எழுதுகிறவர்களும் பேசுகிறார்கள். பார்வை, டவுன்லோட், பகிர்வு, மேற்கோள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டு 'ரீச்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். இவை வேறு வேறு சங்கதிகள். எண்ணுகிற கருவிகளும் வேறு. அந்தக் கருவிகள் எங்கே நின்று எண்ணுகின்றன, எதை எண்ணாமல் விடுகின்றன என்பதை முதலிலிருந்து பார்க்கலாம். கணினியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கோட்பாட்டுக் கணினியியல் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கணக்கைக் கணினி எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும், எதை வேகமாகச் செய்யவே முடியாது என்பதை நிரூபணத்தால் காட்டும் துறை அது. இதில் பெரும்பாலான கட்டுரைகளில் சோதனை முடிவு இருக்காது, படம் அதிகம் இருக்காது. பக்கம் பக்கமாக நிரூபணம்தான் இருக்கும்.

மஞ்சள் ஏலத்தில் நிற்கும் மூன்று பேர்

ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். விவசாயி கொண்டுவந்த மூட்டைகளிலிருந்து மாதிரியை எடுத்துப் பார்வைக்கு வைத்திருப்பார்கள். அதைக் கடந்து போகிறவர்கள் நிறையப் பேர். நடந்தபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். சிலர் நின்று ஒரு விரலியை எடுப்பார்கள். எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் உருட்டி, பிறகு படக்கென்று இரண்டாக உடைத்து உள்ளே நிறம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். உடைந்த முனையை மூக்கருகே கொண்டுபோவார்கள். இவர்களிலும் ஒன்றிரண்டு பேர்தான் விலை எழுதிக் கொடுப்பார்கள்.

கடந்து போனவர், உடைத்துப் பார்த்தவர், விலை போட்டவர். ஆய்வுக் கட்டுரையிலும் இந்த மூன்று வகை ஆட்கள்தான். கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு பதிவை விரும்பி, பகிர்ந்துவிட்டுப் போகிறவர்கள் கொடுப்பது கவனம். திறந்து நிரூபணத்துக்குள் போகிறவர்கள் கொடுப்பது வாசிப்பு. அந்த முடிவை எடுத்துத் தன் ஆய்வில் வைத்துக் கட்டுகிறவர் கொடுப்பது பயன்.

ஒரு மாதிரியைச் சுற்றிக் கூட்டம் கூடினால் அது நயமான மஞ்சள் என்றும் பொருள் இல்லை. "இது என்ன, உள்ளே பூஞ்சை பிடித்த மாதிரி இருக்கே?" என்று பார்க்கவும் கூட்டம் கூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேக்கரிக்கு வரும் ஒரே பேப்பர்

இரண்டாவது ஒப்புமை நம் ஊர் பேக்கரி. வெளியூர்க்காரர்களுக்கு பேக்கரி என்றால் கேக் கடை. கொங்கு நாட்டில் அது டீக்கடையும்கூட. எங்கள் ஊரில் காலை ஆறரைக்கு ஒரு தினசரி வந்து விழும். ஏழு மணிக்குள் அது நாலு துண்டாகியிருக்கும். விளையாட்டுப் பக்கம் ஒரு மேசையில், சினிமாப் பக்கம் வெளியே பெஞ்சில், ஈரோட்டுச் செய்திப் பக்கத்தில் டீ கிளாஸின் வட்டம் பதிந்து ஈரமாக இருக்கும். கூட்டம் கலைவதற்குள் முப்பது பேராவது அதைப் படித்திருப்பார்கள். பத்திரிகை அலுவலகக் கணக்கில் விற்றது ஒன்றுதான்.

அதே தெருவில் ஒரு வீடு இருக்கிறது. அங்கேயும் தினமும் ஒரு பேப்பர் விழுகிறது. போட்ட ரப்பர் பேண்டு கழற்றாமலே பழைய பேப்பர்க்காரருக்குப் போகிறது. அங்கேயும் விற்றது ஒன்று.

பத்திரிகைத் துறை இந்த வித்தியாசத்தை வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. எத்தனை பிரதி விற்றது என்பதைத் தணிக்கை செய்வதற்கென்றே இந்தியாவில் 1948-இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு கணக்கு. அதற்கு வீடு வீடாகப் போய் ஆட்களைக் கேட்கும் தனி ஆய்வு உண்டு. முதலாவது பிரதியை எண்ணுகிறது, இரண்டாவது மனிதரை எண்ணுகிறது. ஆய்வுக் கட்டுரைகளுக்கோ பெரும்பாலும் முதல் வகை எண்ணை வைத்துக்கொண்டு இரண்டாம் வகைப் பேச்சைப் பேசுகிறோம்.

இதுவரை பார்த்தது: கவனம், வாசிப்பு, பயன் மூன்றும் வேறு. பிரதி எத்தனை வெளியே போனது என்பதிலிருந்து எத்தனை பேர் படித்தார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடாது.

சர்வர் என்ன எழுதி வைக்கிறது?

சரி, இனி உண்மையான இயந்திரத்துக்குள் போவோம். ஒரு கட்டுரை இருக்கும் தளத்தை நீங்கள் திறந்தால், கோப்புகளை அனுப்பித் தரும் கணினியான சர்வர், தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. எந்த நேரம், எந்த இணைய முகவரியிலிருந்து, எந்தக் கோப்பைக் கேட்டார்கள், எந்த பிரவுசர். அவ்வளவுதான். நீங்கள் யார், படித்தீர்களா, எத்தனையாவது பக்கத்தில் விட்டீர்கள் என்பதெல்லாம் அந்த வரியில் கிடையாது.

நூல் மில் கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டுப் போலத்தான். வண்டி நம்பர், உள்ளே போன நேரம். ஒரே வேன் ஒரே நாளில் பத்து நடை போனால் பத்து வரி. ஐம்பது தொழிலாளர்களை ஏற்றிவந்த பஸ் உள்ளே போனால் ஒரு வரி. உள்ளே போனவர் வேலை பார்த்தாரா, கேண்டீனில் உட்கார்ந்துவிட்டு வந்தாரா என்பது நோட்டில் இருக்காது.

சர்வர் நோட்டிலும் இதே கதை. ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால், அந்தப் பக்கத்தை ஒருவர் ஒரு முறை திறந்ததற்குப் பதினோரு வரி விழும். இப்படி விழும் ஒவ்வொரு வரிக்கும் 'ஹிட்' என்று பெயர். ஒரு கல்லூரி விடுதி முழுக்க ஒரே இணைய முகவரி வழியாக வெளியே போனால் முந்நூறு பேரும் ஒருவர்போலத் தெரிவார்கள். தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களும் கோப்பைக் கேட்கும். 'பாட்' என்று சொல்லப்படும் இவை படிப்பதில்லை. ஆனாலும் வடிகட்டாவிட்டால் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே பொறுப்பான தளங்கள் எண்ணுவதற்கு விதி வைத்திருக்கின்றன. நூலகங்களும் பதிப்பகங்களும் பின்பற்றும் 'கவுண்டர்' என்ற நெறிமுறையில், ஒரே ஆள் ஒரே கோப்பை 30 விநாடிக்குள் இரண்டு தடவை அழுத்தினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். தெரிந்த பாட்களைக் கழித்துவிட வேண்டும். இந்த விதியைப் பின்பற்றும் தளத்தின் 500-உம், எதையும் கழிக்காத தளத்தின் 500-உம் ஒரே 500 அல்ல. ஒருவர் எண்ணைச் சொன்னால், எந்த விதிப்படி எண்ணியது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

டவுன்லோட் எண் ஹிட்டைவிட மேல்தான், ஆனால் அதுவும் கதவில் நின்று எண்ணியதுதான். நானே ஒரே கட்டுரையை வீட்டுக் கணினியில் ஒரு தடவை, கல்லூரியில் ஒரு தடவை, எங்கே வைத்தேன் என்று தேடிக் கிடைக்காமல் மறுபடி ஒரு தடவை இறக்கியிருக்கிறேன். கணக்கு மூன்று. ஒரு மாணவி ஒரு தடவை இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டு எட்டுப் பேர் படித்தால் கணக்கு ஒன்று.

கான்பூர், ஆகஸ்ட் 2002

இந்தத் துறையின் வரலாற்றிலேயே இதை விளக்க மிகப் பொருத்தமான நிகழ்ச்சி நம் நாட்டில்தான் நடந்தது. ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஒரு முடிவைக் கண்டுபிடித்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள். ஓர் எண்ணைக் கொடுத்தால் அது பகா எண்ணா இல்லையா என்று சொல்ல வேண்டும். இலக்கங்கள் கூடக்கூட ஆகும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகிவிடாமல், அதிர்ஷ்டத்தை நம்பாமல், நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் நம்பாமல், உறுதியாகச் சொல்லும் வழி அது. வெகு காலமாகத் தேடிக்கொண்டிருந்த வழி. கட்டுரை 9 பக்கம்.

ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, அதை 15 வல்லுநர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். எண் கோட்பாட்டில் பெரிய பெயரான கார்ல் பொமரன்ஸ் திங்கள் காலையில் படித்துச் சரிபார்த்தார். அன்று பிற்பகலே அதைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்திவிட்டார். செவ்வாயன்று கட்டுரை இணையத்தில் எல்லோருக்கும் கிடைத்தது. வியாழனன்று நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. முதல் பத்து நாளில் அந்தத் தளத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் ஹிட், 3 லட்சம் டவுன்லோட்.

இந்த எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 20 லட்சம் ஹிட், 3 லட்சம் டவுன்லோட். ஒரு டவுன்லோடுக்கு ஏறத்தாழ ஏழு ஹிட். 20 லட்சம் பேர் படித்தார்கள் என்று யாராவது சொன்னால் அது தவறு என்று இப்போது உங்களுக்கே தெரியும். 3 லட்சம் பேர் படித்தார்கள் என்பதும் நடக்கிற காரியம் இல்லை. ஒன்பது பக்கம்தான் என்றாலும், இயற்கணிதம் தெரிந்து, பென்சிலும் தாளும் எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் உண்மை?" என்று கேட்டுப் போக வேண்டிய பக்கங்கள் அவை.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது ஞாயிறு, திங்கள் இரண்டு நாட்களும்தான். கட்டுரையின் தலையெழுத்தைத் தீர்மானித்த வாசிப்பு அந்த 15 மின்னஞ்சல்களில் நடந்தது. டவுன்லோட் கணக்கு தொடங்குவதற்கு முன்பே நடந்தது. எந்த எண்ணிக்கையிலும் அது ஏறவில்லை. பொமரன்ஸின் கருத்தரங்கில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்துப் புரிந்துகொண்டவர்களும் ஏறவில்லை. பின்னால் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா என்ற கணிதர் நிரூபணத்தில் கனமான எண் கோட்பாடு தேவைப்பட்ட ஓர் இடத்தை எளிமையாக்க வழி சொன்னார். 2004-இல் ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் வெளியான வடிவத்தில் அது இடம்பெற்றது. 3 லட்சத்தில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய ஒரே ஒரு வாசிப்பு கட்டுரையையே மாற்றிவிட்டது.

கவன மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது?

அக்கா மகளுக்கு வந்த 2 எங்கிருந்து வந்தது? அது டவுன்லோட் எண்ணிக்கை அல்ல. 2010 வாக்கில், மேற்கோள்கள், அதாவது மற்றக் கட்டுரைகள் இதைக் குறிப்பிடுவது, சேர வருடக்கணக்கில் ஆகிறதே, அதற்கு முன் இணையத்தில் கட்டுரை எப்படிப் புழங்குகிறது என்று பார்க்கலாமே என்று சில ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஜேசன் ப்ரீம் அந்த அளவுகளுக்கு 'ஆல்ட்மெட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே ஆல்ட்மெட்ரிக் என்ற நிறுவனமும் வந்தது. பல வண்ண வளையமும் நடுவில் ஓர் எண்ணும் கட்டுரைப் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். அது இவர்களுடையதுதான்.

வேலை இப்படி நடக்கிறது. பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஆதார் எண் மாதிரி மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. அதை 'டிஓஐ' என்பார்கள். செய்தித்தளம், வலைப்பதிவு, விக்கிப்பீடியா, சமூக வலைத்தளம், அரசுக் கொள்கை ஆவணம் என்று நிறுவனம் கண்காணிக்கும் இடங்களில் அந்த எண்ணுக்கு இணைப்புக் கொடுத்து யாராவது பேசினால், அது ஒரு குறிப்பு. இடத்துக்கு இடம் எடை வேறு. செய்தித்தளக் குறிப்புக்கு 8, வலைப்பதிவுக்கு 5, விக்கிப்பீடியாவுக்கு 3, சமூக வலைத்தளப் பதிவுகளுக்கு மிகக் குறைவு. ஒரே ஆள் ஒரே இடத்தில் பத்து தடவை பேசினாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் எடைபோட்டுக் கூட்டினால் வருவதுதான் மதிப்பெண். அது ஆள் எண்ணிக்கையே அல்ல. 2 என்றால் இரண்டு பேர் என்று பொருள் இல்லை.

இதில் எது விழாது என்பதுதான் முக்கியம். "ஈரோட்டுக்காரப் பொண்ணு ஒரு நல்ல நிரூபணம் எழுதியிருக்கு, பாருங்க" என்று இணைப்பு இல்லாமல் ஒருவர் எழுதினால் பெரும்பாலும் தவறிப்போகும். வாட்ஸ்அப் குழு, மின்னஞ்சல், வகுப்பறை, கருத்தரங்கு எதுவும் விழாது. மென்டலி போன்ற செயலிகளில் கட்டுரையைத் தன் சேகரிப்பில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று வளையத்துக்குப் பக்கத்தில் காட்டுவார்கள். அது மதிப்பெண்ணில் சேராது. என் பார்வையில் வாசிப்புக்குச் சற்றுப் பக்கத்தில் இருப்பது அந்த எண்தான். படிக்க வேண்டும் என்று எடுத்து வைத்தவர்களின் எண்ணிக்கையாவது அது.

இன்னொன்று. மதிப்பெண் புகழையும் கண்டனத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பூஞ்சை பிடித்த மஞ்சளைப் பார்க்கக் கூடிய கூட்டம் இங்கேதான் வருகிறது. 2010 ஆகஸ்டில், கோட்பாட்டுக் கணினியியலின் மிகப் பெரிய தீராத கேள்வியான 'பி-யும் என்பி-யும் ஒன்றா' என்பதை (விடையை வேகமாகச் சரிபார்க்க முடிகிற கணக்குகளுக்கெல்லாம் விடையை வேகமாகக் கண்டுபிடிக்கவும் முடியுமா என்ற கேள்வி அது) தீர்த்துவிட்டதாக ஒரு கட்டுரை வெளியே வந்தது. உலகம் முழுக்கப் பேச்சு. துறையின் பெரிய ஆட்களெல்லாம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, சில நாட்களிலேயே அடிப்படையான ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கேள்வி இன்றைக்கும் தீரவில்லை. கவனத்தை மட்டும் எண்ணினால் அந்த மாதத்தின் முதல் கட்டுரை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கவனம் எப்போதும் பொய் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. 2019 ஜூலையில் ஹாவ் ஹுவாங் என்ற கணிதர், உள்ளீட்டில் ஒரே ஓர் இடத்தை மாற்றினால் விடை எவ்வளவு எளிதில் மாறும் என்பது பற்றி, ஏறத்தாழ 30 வருடமாகத் திறந்தே கிடந்த உணர்திறன் ஊகத்தை நிரூபித்தார். நிரூபணத்தின் மையம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அதனால் பகிர்ந்தவர்களில் பலர் உண்மையிலேயே படித்துவிட்டுப் பகிர்ந்தார்கள். அங்கே கவனமும் வாசிப்பும் ஒன்றாக ஓடின. கட்டுரை குட்டையாக இருந்ததும், தேவைப்பட்ட கணிதம் பலருக்குத் தெரிந்ததாக இருந்ததும்தான் காரணம்.

சுருக்கமாக: சர்வர் எண்ணுவது கோப்பு வெளியே போனதை. கவன மதிப்பெண் எண்ணுவது இணைப்போடு பேசிய பேச்சை, அதுவும் எடைபோட்டு. இரண்டுமே வாசிப்பை நேராகப் பார்ப்பதில்லை.

மேற்கோளும் மொய் நோட்டும்

பயனை அளக்கும் பழைய கருவி மேற்கோள். ஒரு கட்டுரை இன்னொன்றைத் தன் பட்டியலில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். 1960-களில் யூஜின் கார்ஃபீல்ட் இதை எண்ணிப் பட்டியலாக வெளியிடத் தொடங்கினார். 2004-இல் கூகுள் ஸ்காலர் வந்தபின் எல்லோர் கைக்கும் எட்டியது.

எல்லா மேற்கோளும் ஒரே கனம் அல்ல. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பார்த்தால் தெரியும். தாய்மாமன் சீரும் ஒரு வரி, பக்கத்து ஊர்க்காரர் வைத்த 101 ரூபாயும் ஒரு வரி. "இந்தக் கேள்வியைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள்" என்ற ஒரு வரியில் பதினைந்து கட்டுரைகளைச் சேர்த்துச் சொல்வது ஒரு வகை. "இவருடைய மூன்றாவது தேற்றம் இல்லாமல் என் நிரூபணம் நிற்காது" என்பது இன்னொரு வகை. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்று.

இன்னொரு விசித்திரம், ஒரு முடிவு ரொம்பப் பெரியதாகிவிட்டால் மேற்கோள் குறையும். 1971-இல் ஸ்டீபன் குக் எழுதிய கட்டுரையும், அதைத் தொடர்ந்து 1972-இல் ரிச்சர்ட் கார்ப் 21 கணக்குகள் அந்த வகைதான் என்று வரிசையாகக் காட்டிய கட்டுரையும் 'என்பி-முழுமை' என்ற கருத்தை நிலைநிறுத்தின. என்பி வகையிலேயே மிகக் கடினமான கணக்குகளுக்கான பெயர் அது; அவற்றில் ஒன்றை வேகமாகத் தீர்த்தால் என்பி வகைக் கணக்குகள் எல்லாவற்றையும் வேகமாகத் தீர்க்கலாம். இன்றைக்கு இளங்கலை மாணவர்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். ஒவ்வொரு முறையும் குக்கின் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. எங்கள் பக்கம் காலிங்கராயன் அந்தக் காலத்தில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் ஒவ்வொரு மடைக்கும் காலிங்கராயன் பெயரைச் சொல்லிக்கொண்டா பாய்ச்சுகிறார்?

கோட்பாட்டுக் கட்டுரைக்கே உரிய சிக்கல்கள்

முதலாவது, ஒரே கட்டுரை நாலு இடத்தில் இருக்கும். 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் முதலில் போடுவார்கள். இதழின் பரிசீலனைக்கு முன்பே எல்லோருக்கும் திறந்துவிடும் இந்த வடிவத்துக்கு 'முன்வெளியீடு' என்று பெயர். சிலர், ஒரு கணக்கு எவ்வளவு கடினம் என்று ஆராயும் சிக்கலளவுக் கோட்பாட்டுக்கென்றே 1994 முதல் நடக்கும் மின்தளத்திலும் போடுவார்கள். அப்புறம் மாநாட்டு வடிவம் வரும். இந்தத் துறையில் மாநாடுதான் முதல் மரியாதை. இதழ் வடிவம் அதற்கும் பின்னால், சில சமயம் வருடங்கள் கழித்து. இது போக ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில் ஒரு பிரதி. வெவ்வேறு வடிவத்துக்கு வெவ்வேறு அடையாள எண் இருந்தால் கவனமும் டவுன்லோடும் பங்காளிகள் பிரித்த காடு மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும். அக்கா மகளின் கட்டுரைக்கும் இதுதான் நடந்தது. 2 என்று காட்டியது மாநாட்டு வடிவத்துக்கு. ஆர்க்கைவ் வடிவத்தை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது, துறையினர் அதிகம் படிக்கும் இடமான ஆர்க்கைவ், ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை டவுன்லோட் என்பதைப் பொதுவில் காட்டுவதில்லை. அதிகம் புழங்கும் கதவில் நோட்டே வெளியே தெரியாது. மற்றக் கதவுகளின் நோட்டைக் கூட்டி மொத்தம் சொல்லப் பார்க்கிறோம்.

மூன்றாவது, ஆட்களே குறைவு. நீரிழிவு பற்றிய ஆய்வைப் பேச லட்சக்கணக்கானவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வகைக் கணக்கை இதைவிட வேகமாகச் செய்யவே முடியாது என்று நிறுவும் கட்டுரையை முழுதாகப் படிக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே சில நூறு பேர் இருந்தால் அதிகம். அதில் நாற்பது பேர் படித்தால் அது பெரிய வாசிப்பு. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காயை எண்ணிக்கையில் சொல்வார்கள், கொப்பரையை எடையில் சொல்வார்கள். ஐயாயிரம் காயையும் ஐம்பது கிலோ கொப்பரையையும் பக்கத்தில் வைத்து எது பெரிய எண் என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பிட்டால் ஒரே துறையில், ஒரே வயதுள்ள கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

எண்ணே குறிக்கோளாகும்போது

1975-இல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் சொன்ன கருத்து இன்று அவர் பெயரிலேயே விதியாக வழங்குகிறது. ஓர் அளவை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஆசிரியர்களின் கட்டுரை இணைப்புகளை எல்லா வகுப்புக் குழுவிலும் போட்டு, மாணவர்கள் திறந்து, இறக்கி, பகிர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முதலாண்டுப் பையன் ஒருவன் வரிசையாகப் பதினெட்டுக் கட்டுரைகளை இறக்கிவிட்டு, அடுத்த நிமிடமே போனில் இடம் இல்லை என்று அத்தனையையும் அழித்தான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் எண்கள் ஏறின. என் கட்டுரையும் அதில் இருந்தது. அந்த ஏற்றத்தில் எனக்குச் சந்தோசம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. அதற்கு முந்திய வருடத்து எண் சிறியது. ஆனால் அதில் வந்தவர்கள் தாங்களாகத் தேடி வந்தவர்கள்.

2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம், இதழின் மேற்கோள் சராசரி எண்ணை வைத்துத் தனிமனிதரின் ஆய்வை எடைபோடாதீர்கள் என்று நேராகவே கேட்டது. எத்தனையோ நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. கேட்க வேண்டிய இடங்களில் இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

படிவத்தில் என்ன எழுதினோம்?

அந்த வார இறுதியில் அவள் ஊருக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பினோம். 2 என்பதை மறைக்கவில்லை. அது எந்த வடிவத்துக்கான எண், எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்தில் எழுதினோம். ஆர்க்கைவ் வடிவத்தின் எண்ணைத் தனியாகக் குறித்தோம். மேற்கோள் நான்கு. நான்கையும் திறந்து பார்த்தோம். மூன்று பட்டியல் மேற்கோள்கள். ஒன்றில் மட்டும் அவளுடைய தேற்றத்தை எடுத்து ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தார்கள். அதை ஒரு வரியில் விவரித்தோம்.

"வேற ஏதாச்சும் இருக்கா கண்ணு? யாராவது எழுதினாங்களா, கேட்டாங்களா?" என்றேன்.

கொஞ்சம் தயங்கினாள். "ஒரு மெயில் வந்துச்சுங்க மாமா. ஆனா அது தப்பு கண்டுபிடிச்சு எழுதினது. அதை எப்படிங்க போடறது?"

காட்டச் சொன்னேன். முகம் தெரியாத ஒரு மாணவர், வேறு நாட்டிலிருந்து எழுதியிருந்தார். பதினொன்றாம் பக்கத்தில் நான்காவது துணைத் தேற்றத்தில், சமனின்மைக் குறி ஒரு குறிப்பிட்ட நிலையில் திரும்பிவிடுகிறது, அந்த நிலையைத் தனியாகக் கையாள வேண்டும், இப்படிச் செய்தால் சரியாகும் என்று ஐந்து வரியில் வழியும் சொல்லியிருந்தார். பதினொன்றாம் பக்கம் வரை ஒருவர் பென்சிலோடு வந்திருக்கிறார். அவள் திருத்தி, ஆர்க்கைவில் இரண்டாம் வடிவத்தை ஏற்றி, முதல் பக்க அடிக்குறிப்பில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தாள். வளையத்தின் நடுவில் எண் அப்போதும் 2-தான்.

அதையும் படிவத்தில் எழுதச் சொன்னேன். கட்டத்தில் இடம் பற்றவில்லை. தனித் தாளில் எழுதிப் படிவத்தோடு குத்தி இணைத்தாள்.